ஆயிரம் வாலா

விரித்துப் போட்ட சரவெடியின் மேல் புகழ்வேந்தன் செருப்பில்லாத காலை வைத்தான்.

ஆயிரம் வாலா. மூலக்குளம் கடைத்தெருவில், தூங்குமூஞ்சி மரத்துக்கு நேர் கீழே, மழை ஈரம் காயாத தார்ச் சாலையில் சிவப்பாக நீண்டு கிடந்தது. அதன் நுனியில் வெடிக்காரன் மணிபாரதி ஊதுவத்தியோடு குந்தியிருந்தான்.

சாவு ஊர்வலம் நூறடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

மரத்தில் ஒரு கிளை பாக்கியில்லாமல் கூடுகள். கொக்கும் மடையானும். குளக்கரை மரங்களை மனை போட வெட்டிய பிறகு, புரோட்டாக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே நின்ற இந்த ஒற்றை மரத்துக்குக் குடிவந்திருந்தன. பஸ் ஹாரனுக்குப் பழகிவிட்டன. லாரிப் புகைக்குப் பழகிவிட்டன. வெடிக்கு மட்டும் பழகவில்லை.

போன வாரம் இதே இடத்தில் வேறொரு சாவுக்கு வெடி வைத்தார்கள். புகழ்வேந்தன் எதிரே மருந்துக் கடையில் நின்றிருந்தான். பெரிய பறவைகள் ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டன. பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு கூட்டின் விளிம்புக்கு ஓடி, பொலபொலவென்று ரோட்டில் விழுந்தன. டீக்கடை ரோசம்மாள் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள். சில குஞ்சுகள் முறத்திலும் வாயைத் திறந்து திறந்து மூடின.

அன்று அவன் மருந்துப் பையோடு பார்த்துக்கொண்டு நின்றான்.

மணிபாரதி நிமிர்ந்து பார்த்தான். எதிரே மழிக்காத முகம், ஈர வேட்டி. குடித்திருந்த மணிபாரதியின் கண்ணுக்கு எவனோ ஒருத்தன்.

"சாவு வூட்டுக்காரங்க வைக்கச் சொன்னாங்க, வைக்கிறேன். நடுவுல நீ யாருய்யா? காலை எடு, வெந்துடும்."

புகழ்வேந்தன் யாரென்று சொல்லவில்லை. காலையும் எடுக்கவில்லை.

ஊர்வலம் நெருங்கி வந்து நின்றது. மேளம் தடுமாறி ஓய்ந்தது. முன்வரிசை ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் வந்து அவனைப் பிடித்து இழுக்கவில்லை. பூவும் பொட்டுமாகப் போகிறவளை இப்படியா நாதியற்றவள் மாதிரி அனுப்புவது என்று ஒரு பெரியவர் மட்டும் முனகினார். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்கள் அலறின.

இத்தனை பேர் பார்க்க ஒருவன் மிதித்துக்கொண்டு நிற்பது மணிபாரதிக்குப் பொறுக்கவில்லை. ஊதுவத்தியைத் திரிக்குக் கொண்டுபோனான்.

புகழ்வேந்தன் குனிந்தான். கனன்றுகொண்டிருந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து நசுக்கினான். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னிக்குச் செத்தது ஒண்ணு போதும்."

சரத்தைச் சுருட்டி எடுத்துப் போய், டீக்கடையில் கிளாஸ் கழுவும் வாளிக்குள் போட்டு அமுக்கினான். தண்ணீர் ரோசம்மாளின் புடவையில் சிந்தியது. அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பிறகு மேளக்காரர்களைப் பார்த்தான். அவர்கள் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

மரத்தின் கீழே ஊர்வலம் ஓசையில்லாமல் நகர்ந்தது. மேலே தாய்க்கொக்கு ஒன்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தது; கூட்டை விட்டு எழவில்லை. பூப்பல்லக்கின் மேல் வெள்ளையாக எச்சம் சொட்டியது. யாரோ துண்டோடு துடைக்கப் போனார்கள். வேண்டாம் என்று புகழ்வேந்தன் தலையசைத்தான்.

மரத்தைத் தாண்டியதும் அவன் முன்வரிசைக்குப் போனான். அங்கே மைத்துனன் கலைவேந்தன் கொள்ளிச்சட்டிப் புகையில் கண் கலங்க நின்றிருந்தான். வெடிக்குச் சொல்லியிருந்தவன் அவன்தான். அதுவரை பிடித்திருந்த சட்டியை இப்போது நீட்டினான்.

வெந்த விரல்களால் அதை வாங்கிக்கொண்டு, புகழ்வேந்தன் தன் மனைவிக்கு முன்னால் நடந்தான்.