சரிவில் நேராக

வுப்பர்டால் நகருக்கு வெளியே ஒரு புல்மலை. பின்னேர வெயில் புல்நுனிகளில் நிற்கிறது. பிறேமாவின் கையில் கணவரின் சப்பாத்துகள் தொங்குகின்றன. வலதின் அடி மட்டும் தடித்தது, கனக்கிறது. ஊர்ச் சண்டையில் ஷெல் பட்ட அவருடைய வலதுகால் மற்றதைவிடக் கட்டை. வெறுங்காலோடு நடக்க ஆசைப்பட்ட மரியரட்ணம், சரிவுக்குக் குறுக்காக முன்னே போகிறார். வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் பள்ளம். பின்னால் வரும் பிறேமாவுக்கு ஒவ்வொரு அடியும் இடப்பக்கமாய்ச் சாய்கிறது. அவர் சாயவில்லை. கட்டைக்கால் மேட்டிலும் நெடுங்கால் பள்ளத்திலும் பதிய, இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் மிதந்து போகின்றன. கலியாணம் முடித்த நாள்முதல் அடிக்கு அடி ஏறி இறங்கிய தோள்கள். புல்லில் நீளும் நிழல்கூட நொண்டவில்லை. பிறேமா அசையாமல் நிற்கிறாள்.

“நோகுதோ?”

“இல்லை. களைப்பே தெரியேல்லை.” அவர் நிற்கிறார். “திரும்புவமே? கார் அங்காலை நிக்குது.”

திரும்பினால் மேடு இடப்பக்கம் வந்துவிடும். கட்டைக்கால் பள்ளத்தில் இறங்கும். பிறேமா சப்பாத்துகளை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள்.

“திரும்பாதேங்கோ. இப்பிடியே மலையைச் சுத்திப் போனாலும் காரடிக்குத்தானே வருவம்.”