முதல் பூச்சு காயும்வரை

மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணை டாக்டர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

என் மனைவிக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் போன வருடம் செய்த ஆபரேஷனும் தழும்பேறி அடைத்துக்கொண்டது. கண்ணழுத்தம் இறங்குவேனா என்கிறது.

இனி இரண்டே வழி என்றார். கண்ணுக்குள் மெல்லிய குழாய் வைத்து நீரை வடியவிடலாம். இல்லாவிட்டால் நீர் சுரக்கும் இடத்தையே லேசரால் சுட்டு அடக்கலாம்.

குழாய் பெரிய வேலை, பின்னால் தொந்தரவும் வரலாம். ஆனால் இந்தக் கண்ணுக்கு அதுதான் ரொம்ப நாள் தாங்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. லேசர் சீக்கிரம் முடிந்துவிடும். திரும்பவும் செய்ய வேண்டிவரலாம், மிச்சப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். போன பார்வை இரண்டிலும் திரும்பாது.

நான் பெயின்டர். சுவர் என்றால் பார்த்ததும் சொல்லிவிடுவேன். இங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல உட்கார்ந்திருந்தேன்.

அவள்தான் கேட்டாள். "எதுல இவர் மூஞ்சி இன்னும் கொஞ்ச நாள் தெரியும் டாக்டர்? பாக்கற மாதிரி மூஞ்சி இல்லதான். பழகிப்போச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார்.

குழாய் என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன்.

எழுந்திருக்கப் போனபோது டாக்டர் ஒன்று சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகும் சொட்டு மருந்து உண்டு. வழக்கம்போல ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும். உடனே விட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அவள் கை என் முழங்காலை அழுத்தியது.

"அதெல்லாம் கடிகாரம் பாத்துத்தான் விடுவாரு. ஒரு நாள் தவறினதில்ல."

தவறியதில்லைதான். ஆறு வருடமாக, காலையில் கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க, மூன்று மருந்தையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

உனக்கு முன்பே தெரியுமா என்று வராந்தாவில் கேட்டேன். முதல் நாளே நர்ஸ் அவளிடம் சொல்லியிருந்தாளாம். சொன்னால் நான் வேனை விட்டுவிட்டுக் கூடவே நிற்பேன், வேலை போய்விடும் என்றுதான் என்னிடம் சொல்லவில்லையாம்.

என் நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைத் தடவிக் கண்டுபிடித்து, சுரண்டிக்கொண்டே நடந்தாள்.

இருபத்திரண்டு வருடத் தொழிலில், முதல் பூச்சு காயாமல் அடுத்த பூச்சை நான் எந்தச் சுவரிலும் அடித்ததில்லை.