முதல் கையெழுத்து

வேலப்பன்சாவடி டீக்கடையில், தோற்றுப்போன கல்லூரிக் கால்பந்து அணி நடுவர்மீது புகார் எழுதிக்கொண்டிருந்தது.

"அந்தக் கோடியில நின்னுகினு, தேவா கையில பந்து பட்டுச்சுன்னு பெனால்டி குடுக்குறான்! அவனுக்கு இன்னா, கழுகுக் கண்ணா?" என்று கொதித்தான் கேப்டன் விஷால். "இனிமே அந்தாளு எங்கயும் விசில் ஊதக் கூடாது. தேவா, மொதல் கையெழுத்து நீ போடு மச்சான்."

தேவா பேனாவை வாங்கி, மூடிபோட்டு மேசையில் வைத்தான். ஒரு நல்ல மனிதர் வயிற்றில் அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"அவரு பாக்கவே இல்லடா. பட்டுச்சான்னு என்னாண்ட கேட்டாரு. ஆமா சார்னு நான்தான் சொன்னேன்."

விஷால் தாளை இழுத்து, நடுவர் பெயரை அடித்துவிட்டுக் தங்கள் கோச்சின் பெயரை எழுதினான்.

"டிஃபென்ஸா கத்துக்குடுத்தாரு? கையையும் அடக்கத் தெரியல, வாயையும் அடக்கத் தெரியல!"