பசையில் பதிந்த ரேகை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே உள்ள கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி வழியே, பிற்பகல் வெயில் மேசையில் திறந்து கிடக்கும் பழைய பெட்டிக்குள் விழுகிறது. விவேகானந்தன் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர் அது. அவர் இறந்த பிறகு, அவருடைய மனைவி றஞ்சனா அதில்தான் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறாள். இப்போதெல்லாம் பாடத்தின் நடுவே அது உறைந்து நின்றுவிடுகிறது. "ப்ரொசெஸர மட்டும் மாத்தினா போதும் டீச்சர், இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்," என்று சொல்லியபடி கடைக்காரர் ஃபாஸில் உள்ளேயிருக்கும் சிறிய மின்விசிறியைக் கழற்றுகிறார். அதன் கீழே, தபால்தலை அளவில் ப்ரொசெஸர். சூடு தணிக்கப் பூசிய சாம்பல் நிறப் பசை அதில் காய்ந்து கிடக்கிறது. ஓரத்தில், வளையம் வளையமாக, ஒரு பெருவிரல் ரேகை. ஃபாஸில் துடைக்கப் பஞ்சை எடுக்கிறார். "பொறுங்கோ தம்பி," என்கிறாள் றஞ்சனா. "அது அவற்ர விரல்." பஞ்சு அந்தரத்தில் நிற்கிறது. வெளியே பஸ் நடத்துநர் கண்டிக்கு ஆள் கூப்பிடுகிறார். "அப்ப மாத்தாம வெச்சிருவமா டீச்சர்?" றஞ்சனா பெட்டிக்குள் குனிந்து பார்க்கிறாள். "பிள்ளையள் பாவங்கள். மாத்துங்கோ. இதைத் துடையாமல் தாங்கோ." ஃபாஸில் அதை நோகாமல் தூக்கி அவள் உள்ளங்கையில் வைக்கிறார். கனமே இல்லை. தன் பெருவிரலை அந்த ரேகையின் மேல் கொண்டுபோகிறாள், தொட்டால் உதிர்ந்துவிடும். மயிரிழை தூரத்தில் விரலை நிறுத்திக்கொண்டு, அப்படியே நிற்கிறாள்.