கட்டிலுக்கு மேல் விளக்கு

ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைக் கவனிப்பதுதான் கணவனுக்கு வேலை. அதை அவன் "அவ" என்றுதான் சொல்வான். மனைவிக்கோ அது சக்களத்தி. பெற்ற பிள்ளை அழுதால்கூட எழாதவன், கரண்ட் போனால் சாப்பிட்ட கையோடு அவளிடம் ஓடுவான்.

இப்போது மனைவியே அங்கே நோயாளி; மறுநாள் ஆபரேஷன். காலையில் கரண்ட் போனது. கீழே ஜெனரேட்டர் உறுமியதும் வார்டு முழுக்க விளக்கெரிந்தது, அவள் கட்டிலுக்கு மேலே மட்டும் எரியவில்லை. நர்ஸ் அவளை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினாள். பழைய கட்டிலின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜன்னலோர விளக்கு அணைந்தது.

"உங்க ஆளுக்கு என்மேல வயித்தெரிச்சல்," என்றாள் மனைவி, கணவனிடம்.

எண்ணெய்க் கையைத் துடைத்தபடி அவன் சிரித்தான்.

"போடி பைத்தியம். நாளைக்குப் பூரா கரண்ட் கிடையாதாம். ஆபரேஷனை நினைச்சுப் பயப்படாத, அவ பாத்துக்குவா."