விளக்கைக் காத்த திருடன்

சரியாக ஆறு மணிக்குத் திருடன் வந்துவிட்டான்.

"வந்துட்டான் பாஸ்," என்றாள் டெஸ்டர். ஏதோ திருடன் காதில் விழுந்துவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முதலாளி கையில் காபியோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுடைய கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு கோட்டை முற்றம். நடுவில் விளக்கு, ஓரத்தில் ஆழமான குழி. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. ஒருவர் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வளைந்து கிடக்கும் சுரங்கத்தில் பூதங்களோடு மல்லுக்கட்டிக் கல் கொண்டுவர வேண்டும். மற்றவர் மேலே கோபுரங்களைக் கட்டி, அலை அலையாக வரும் பூதங்களிடமிருந்து விளக்கைக் காக்க வேண்டும்.

விளக்கு அணைந்தால் கதை முடிந்தது. மறு உயிர் கிடையாது. மறுபடி அனா ஆவன்னாவிலிருந்துதான்.

நாளைக் காலை விளையாட்டு விற்பனைக்கு வருகிறது; அதற்குள் பிழைகளைக் கண்டுபிடிப்பது டெஸ்டரின் வேலை. மூன்று வருட உழைப்பு. முதலாளியின் தலையில் பாதி முடி போனதும் அதில்தான். சோதனைக்காகக் கொடுத்த ஐம்பது பிரதிகளில் ஆடிய ஒருவர்கூட இருபதாவது அலையைத் தாண்டவில்லை. இந்தத் திருடன் மட்டும் எண்ணூற்றுப் பன்னிரண்டைத் தாண்டி, மதிப்பெண் பட்டியலின் உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"திருட்டாட்டம் ஆடறான்," என்று பொருமினார் முதலாளி. "நாளைக்கு இதைப் பார்க்கறவன் என்ன சொல்லுவான்? விளையாட்டே ஓட்டைன்னு கைகொட்டிச் சிரிப்பான்."

"திருட்டு மாதிரி தெரியல பாஸ். ரெண்டு நாளா குடைஞ்சு பார்த்துட்டேன். இவனோட கூட்டாளி ஒருத்தன் ஒன்பது மாசம் முன்னாடி குழிக்குள்ள இறங்கியிருக்கான். இன்னும் ஏறி வரல. கீழ ஆள் இருக்கற வரைக்கும் மேல அலை பெருசாகக் கூடாதுன்னு நம்ம விதி ஒண்ணு இருக்கே, அதான்."

"அந்த விதியை எழுதினதே நான்தான்," என்றார் முதலாளி. "முதல் தடவை வீட்டுல போட்டுப் பார்த்தப்போ, கீழ போன ஆளு வர லேட்டாச்சுன்னு மேல இருந்த ஆளு பயந்து அழுதுடுச்சு. பாவமா இருந்துச்சு, சேர்த்துட்டேன். அதுல வந்து குளிர் காயறான் பாரு! கூட்டாளி யாராம்?"

"பழைய பிரதி பாஸ். பேரு இல்ல, வெறும் நம்பர்தான்."

"எவனா இருந்தா என்ன, பாதியில விட்டுட்டு ஓடின பய. சீக்கிரம் இவன் ஆட்டத்தை அழிச்சு முடி. ஏழு மணிக்கு வீட்டுலேருந்து வேற போன் வரும்."

அந்த போனை அவர் எடுப்பதில்லை என்பது ஆபீஸுக்கே தெரியும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போய், அவர்கள் எழுவதற்குள் திரும்பிவிடுகிற மனிதர். 'கேம் வெளிய வரட்டும், ஒரு மாசம் வீட்டுலயே பழியாக் கிடக்கறேன்' என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டு வேலையில் மூழ்கிவிடுவார். போன வருடமும் இதையேதான் தட்டினார்.

திரையில் அலை வந்தது. கோபுரங்கள் அதிர்ந்தன, சுவரில் ஒரு மூலை சரிந்தது. திருடன் ஓடி ஓடி ஓட்டையை அடைத்தான். பூதங்கள் ஓய்ந்ததும் நேராகப் போய்க் குழியின் வாசலில் நின்றான்.

"பாருங்க பாஸ், ஒவ்வொரு அலை முடிஞ்சதும் இப்படித்தான். ஒண்ணும் எடுக்கல. சும்மா எட்டிப் பார்க்கறான். தினம் மூணு அலை, ஏழு மணி ஆனா கிளம்பிடுவான்." டெஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுப் பார்ப்போமே. அழிச்சுட்டா திரும்பி வராது பாஸ்."

"திருடனுக்கு லெட்டர் எழுதி விசாரிக்கணுமா? அழி."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் கையால ஆகாது பாஸ்."

"தள்ளு." முதலாளி தானே குனிந்து இரண்டு விசைகளைத் தட்டினார்.

முற்றத்து விளக்கு பொசுக்கென்று அணைந்தது. ஒன்பது மாதக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இருட்டில் அந்தச் சின்ன உருவம் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு குழியை நோக்கி ஓடியது. அது போய்ச் சேருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"ஒழிஞ்சுது சனியன்," என்று முதலாளி மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தார். பட்டியலின் உச்சியில் இப்போது பத்தொன்பது அலை தாங்கிய யாரோ ஒரு நல்லவன் இருந்தான். டெஸ்டர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது மேஜைமேல் அவருடைய போன் அதிர்ந்தது. 'வீடு'. மணி ஆறு பத்துதான். தலைவலி தீர்ந்த சந்தோஷத்தில், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதலாளி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுடா கண்ணு! என்ன, இன்னிக்குச் சீக்கிரமே கூப்பிட்டுட்டே?"

மறுமுனையில் விசும்பல்தான் கேட்டது.

"அப்பா, நான் ஒரு நாள்கூட விட்டுட்டுப் போகலப்பா... நீங்க மேல ஏறி வர்றதுக்குள்ள விளக்கு தானா அணைஞ்சு போச்சு."