அரை டம்ளர் உத்தரவு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

மூன்றாவது மாடிக்கு டீ கொண்டுபோகிறவருக்கு ஆபீசில் ஒரு பேர் உண்டு: சிந்தாதவர். தட்டில் பன்னிரண்டு டம்ளர், விளிம்பு வரைக்கும் டீ. அறுபது படி ஏறினாலும் ஒரு சொட்டு கீழே விழாது. இடுப்புக்கு மேலே சிலை, கீழேதான் மனுஷன்.

அப்பேர்ப்பட்டவர், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியதும் தோளைக் குலுக்கிக் குலுக்கிப் படியேற ஆரம்பித்தார். காலில் சலங்கைதான் பாக்கி. பாதி டீ தட்டில் மிதந்தது.

"அண்ணனுக்குப் புது மோட்டார் மாட்டினதும் வாலிபம் திரும்பிடுச்சு" என்றார் டைப்பிஸ்ட்.

மேனேஜரம்மா கூப்பிட்டு அனுப்பினார். சிந்தாதவர் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். இந்த மாடி போனால் பிழைப்பே போச்சு.

"என்னண்ணே இது கூத்து?"

"கூத்து இல்லம்மா. உடம்பு ஆடினாத்தான் நான் வேலை செய்றேன்னு நெஞ்சுல இருக்கிற பெட்டிக்குப் புரியுமாம். அப்பத்தான் துடிப்பைக் கூட்டுமாம். நான் பழைய மாதிரி ஆடாம அசையாம ஏறினா, உட்கார்ந்திருக்கேன்னு நெனச்சு அதுவும் சும்மா இருந்துடுது. ரெண்டாவது மாடியிலயே கண்ணு இருட்டுது."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அடுத்த மாசம் சரிபண்ணித் தர்றாராம். அதுவரைக்கும் நல்லா ஆடி நடக்கச் சொல்லிட்டார்."

"ஆடினா டீ சிந்துதே."

"சிந்தாம ஏறினா நான் விழுந்துடுவேம்மா."

மேனேஜரம்மா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி, போங்க."

மறுநாள் காலை சுவரில் உத்தரவு ஒட்டியிருந்தது. இனி இந்த மாடியில் ஆளுக்கு அரை டம்ளர் டீதான்.

"அரை டம்ளர் நாக்கு நனையவே பத்தாதே" என்றார் கிளார்க்.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத அம்மாகிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறது?" என்ற டைப்பிஸ்ட், சிந்தாதவர் பக்கம் திரும்பினார். "எல்லாம் உங்க ஆட்டத்தால வந்ததுதான்ண்ணே."

சிந்தாதவர் காலித் தட்டை எடுத்துக்கொண்டார். இன்றைக்கு அரை டம்ளர் என்பார்கள், நாளைக்கு ஆளே வேண்டாம் என்பார்கள். அதே நினைப்போடு கீழே போய், பன்னிரண்டு டம்ளரிலும் பாதி பாதி ஊற்றி, தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறினார்.

மூன்றாவது மாடி வந்ததும் தட்டைப் பார்த்தார். ஈரமே இல்லை. நின்று பார்த்தார். மூச்சும் வாங்கவில்லை.

அதற்குள் மேனேஜரம்மா வந்து முதல் டம்ளரை எடுத்தார். ஒரே மடக்கு. காலி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

"எங்கேம்மா கிளம்பிட்டீங்க?"

"கீழ கேண்டீனுக்குத்தான். இன்னொரு அரை டம்ளர் உள்ள போகலைன்னா எனக்குத் தலைவலி வந்துடும்ண்ணே" என்று சொல்லிவிட்டு, அறுபது படியும் இறங்கிப் போனார்.